பெரியாற்றைக் கிழக்கே திருப்பிய பெருந்தகை

பாண்டி நாட்டுச் சமணச் சின்னங்களைக் கண்டு வணங்கச் செல்லும் நம் குடும்பத்தினர் பலர் உத்தமபாளையத்துக்கும் சென்றிருப்பர். அங்குக் கருப்பண்ணசாமி கோயில் குன்றின் பாறை முகத்தில் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தொழுதுவிட்டு ஊர்ப்புறம் நோக்கித் திரும்பினால், நெல் வயலும் தென்னந்தோப்புமாக விரிந்து கிடக்கும் பசுமை கண்ணை நிறைக்கும். இவ்வளவு நீர் எங்கிருந்து வருகின்றது என்று அங்கே நின்று கேட்டவர் எத்தனை பேரோ அறியேன். நான் முதன்முதலில் அவ்வழியே சென்றபோது கேட்டேன். கேட்டதற்குக் காரணமும் உண்டு. வந்தவாசி வட்டத்தில் ஏரிப் பாசனத்தை நம்பிய சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். ஏரி நிரம்பினால் ஒரு போகம், நிரம்பாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்பதே எங்கள் குடும்பத்து வேளாண்மை.

இளமையில் தமிழாசிரியப் பணி கிடைத்து உத்தமபாளையத்துக்கு அருகிலுள்ள ராயப்பன்பட்டிப் பகுதியில் சில ஆண்டுகள் வாழ நேர்ந்தது. திராட்சைப் பந்தல்களும், தேவாலயக் கோபுரமும், பின்னணியில் மேகமலைத் தொடரும் கொண்ட ஊர் அது. என் கேள்விக்கு விடை சொல்ல அங்கே படித்தவர் எவரையும் தேட வேண்டியிருக்கவில்லை. தேநீர்க் கடையில் இருந்தவரே சொன்னார். விடையாக அவர் காட்டியது கடைச் சுவரில் மாலையிட்டு மாட்டியிருந்த ஒரு வெள்ளைக்காரரின் படம். அவரே கர்னல் ஜான் பென்னிகுயிக். கம்பம் பள்ளத்தாக்கில் அவர் படத்தைச் சாமி படங்களுக்கு நடுவே காண்பது இன்றும் அரிதன்று. பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்டவர்களும் உண்டு.

ஊருக்குத் தேவையானது இன்னதெனக் கண்டு, பிறர் கைவிட்ட பணியைத் தம் பொறுப்பாக ஏற்று நடத்தி முடிப்பவரைச் சமூகத் தொழில்முனைவோர் என்று இக்காலத்தார் அழைக்கின்றனர். பென்னிகுயிக் அரசுச் சம்பளம் பெற்ற பொறியாளர். ஆதலின் அப்பெயர் அவருக்கு முழுதும் பொருந்தாது என்பார் சொல்லக்கூடும். சொல்லட்டும். அவர் செய்ததைப் பார்த்தபின் முடிவு செய்துகொள்ளலாம்.

அவர் பிறந்தது நம் நாட்டிலேதான். 1841ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையார் படைத்தலைவர். சீக்கியருடன் ஆங்கிலேயர் நடத்திய சில்லியன்வாலாப் போரில் 1849 ஜனவரி 13 அன்று தந்தையாரும் மகன் அலெக்சாண்டரும் ஒரே களத்தில் மாண்டனர். தமையனுக்கு வயது பதினேழு. இளைய மகன் ஜானுக்கு எட்டு வயது நிறைவதற்கு இரண்டு நாள்களே இருந்தன. வேற்று நாட்டை வெல்ல வந்த படையில் இறந்தவர்கள்தாம் அவர்கள் என்பதை நாம் மறக்க வேண்டுவதில்லை. ஆயினும் தந்தையை இழந்த எட்டு வயதுப் பிள்ளையின் துயரம் எந்நாட்டிலும் ஒன்றுதான்.

இங்கிலாந்தில் செல்ட்டன்காம் கல்லூரியிலும், பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியார் அடிஸ்கோம் என்னுமிடத்தில் நடத்திய படைத்துறைக் கல்லூரியிலும் பயின்று, 1858இல் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1860இல் இந்தியா திரும்பினார். தந்தை வாளெடுத்த மண்ணில் மகன் அளவுச் சங்கிலியும் வரைபடமும் எடுத்தார். இடையில் அபிசீனியப் படையெடுப்பில் பங்கேற்றதை நீக்கிப் பார்த்தால், அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி சென்னை மாகாணத்தின் நீர்ப்பணிகளிலேயே கழிந்தது. 1879இல் கிரேஸ் ஜார்ஜியானா என்ற அம்மையாரை மணந்தார்.

இனி மலையைப் பற்றிச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல இயலாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டுக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். சிவகிரி மலைப்பகுதியில் தோன்றும் பெரியாறு அம்மழையெல்லாம் திரட்டிக்கொண்டு வழியில் முல்லையாற்றையும் சேர்த்துக்கொண்டு, மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கும். முகட்டுக்குக் கிழக்கேயுள்ள கம்பம் பள்ளத்தாக்கோ மழை மறைவுப் பகுதி. அதற்கப்பால் மதுரையும் மேலூரும் சிவகங்கையும் இராமநாதபுரமும் வையையை நம்பிக் கிடந்தன. வையையோ பல ஆண்டுகளில் மணலாறாகவே இருந்தது. ஒரு மலைமுகட்டுக்கு அப்புறம் வெள்ளம், இப்புறம் வறட்சி. அந்த நீரை இந்தப் பக்கம் திருப்ப முடியாதா என்ற எண்ணம் பென்னிகுயிக்குக்கு முன்பே தோன்றியதுதான்.

அவ்வாறு எண்ணியவர்களுள் நம் மண்ணின் மைந்தர் ஒருவரை முதலில் குறிப்பிட வேண்டும். இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789ஆம் ஆண்டிலேயே மலைமேல் ஆளனுப்பி ஆராயச் செய்தார். செலவு சேதுபதி அரசின் ஆற்றலுக்கு மிஞ்சியது என்று தெரிந்து கைவிட்டார். 1808இல் கால்டுவெல் என்ற ஆங்கிலப் படைப் பொறியாளர் (திருநெல்வேலிக் கால்டுவெல் ஐயர் அல்லர்; இவர் வேறு) பார்வையிட்டு, இது வெறுங் கனவு என்ற பொருளில் அறிக்கை தந்தார். 1850இல் சிறிய அணையொன்று கட்டத் தொடங்கினர். காய்ச்சல் பரவியது, கூலியாள்கள் கூடுதல் ஊதியம் கேட்டனர், பணி நின்றது. பின்னர் ரைவ்ஸ் என்பார் ஆராய்ந்து 62 அடி உயர மண்ணணைக்குத் திட்டம் தீட்டி 1867இல் அளித்தார். அதுவும் ஆண்டுக்கணக்கில் அலுவலகங்களில் உறங்கியது.

இதனிடையே வந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். நம் முன்னோர் வாழ்ந்த தொண்டை மண்டலத்துச் சிற்றூர்களும் அதற்குத் தப்பவில்லை. என் பாட்டியார் தம் மாமியாரிடம் கேட்ட பஞ்சக் கதைகளை எனக்குச் சொல்லியிருக்கின்றார். அவற்றை விழாமலரில் எழுத மனம் வரவில்லை. பஞ்சத்துக்குப் பிறகு, கட்டாமல் விட்ட அணையின் விலை என்ன என்பது அரசுக்கும் உறைக்கத் தொடங்கியது. நீர் வந்தால் நிலவரி பெருகும் என்ற கணக்கும் உடன் இருந்தது, அதை மறைப்பானேன்? 1882இல் திட்டத்தைப் புதிதாக வகுத்து மதிப்பீடு தரும் பொறுப்பு மேஜர் பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பெற்றது. இரண்டாண்டில் அது மேலதிகாரிகளின் ஒப்புதலைப் பெற்றது.

அணை அமையும் இடம் திருவிதாங்கூர் நாட்டுக்கு உரியது. ஆகவே 1886 அக்டோபர் 29 அன்று மூலம் திருநாள் மகாராஜா அரசுக்கும் ஆங்கில அரசுக்குமிடையே குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு 5 ரூபாயாக ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகை. காலம் 999 ஆண்டுகள். மறு ஆண்டு, 1887இல், பணி தொடங்கியது.

பென்னிகுயிக்கின் திட்டத்தை இரண்டு சொற்றொடரில் சொல்லிவிடலாம். ஆற்றைக் குறுக்கே மறித்து நீரை உயர்த்துவது ஒன்று. உயர்ந்த நீர் மலைமுகட்டை எட்டுமிடத்தில், தேக்கடியில், பாறையைக் குடைந்து கிழக்கே வழி விடுவது மற்றொன்று. சொல்வது எளிது. ஆற்றுப் படுகையிலிருந்து 104 அடி உயரத்துக்கு மேல் நீர் நின்றாலன்றிச் சுரங்க வழியில் ஒரு துளியும் கிழக்கே வாராது. அந்த 104 அடி நீரும் முதலீடு போல அசையாமல் கிடக்க, அதற்கு மேற்பட்டதே வட்டி போல நமக்குக் கிடைக்கும். ஆகவே அணை 155 அடி உயரமும் 1,200 அடி நீளமும் கொண்டதாக வகுக்கப்பெற்றது. நீரின் அழுத்தத்தைத் தன் எடையினாலேயே தாங்கி நிற்க வேண்டுமாதலால் உச்சியில் 12 அடி அகலமும் அடியில் 138 அடி அகலமும் கொண்டது. சுரங்கத்தின் நீளம் ஒரு மைலுக்குச் சற்று மேல்.

சிமெண்டு அந்நாளில் கப்பலேறி வரவேண்டிய விலையுயர்ந்த பொருள். பென்னிகுயிக் நம் கொத்தனார்கள் அறிந்த சுண்ணாம்பையும் சுர்க்கியையுமே நம்பினார். சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணைப் பொடித்த தூள். இவற்றோடு மணலும் கல்லும் கலந்த கலவையை உள்ளே நிரப்பி, புறத்தே கருங்கல் கட்டடம் எழுப்பினார். அடிவாரத்தில் குருவனூத்துப் பகுதியில் சுண்ணாம்புக் கல் கிடைத்தது. அதனை மலைமேல் ஏற்ற மாட்டு வண்டியும் கம்பிவடமும், மேலேயிருந்து அணைப்பகுதிக்குக் கொண்டு செல்லப் படகுகளும் உதவின. பாலும் வெல்லமும் தேனும் முட்டையும் கலந்து கட்டினார்கள் என்று சிலர் கூறும் கதைகளை நம்பாதீர்கள். காளவாயில் வெந்த சுண்ணாம்பும், அதை அரைத்தவர்களின் உழைப்புமே அக்கலவையின் இரகசியம்.

அந்த உழைப்பு எத்தகையது? அணையிடம் மனித வாழ்க்கை இல்லாத அடர்காடு. யானைக் கூட்டங்கள் உலவுமிடம். வேனில் திங்கள்களில் மலைக்காய்ச்சல்; மழைத் திங்கள்களில் வெள்ளம். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கட்டவேண்டும். அடித்தளம் இடுவதற்கு ஆற்றைச் சிறிது ஒதுக்கித் தற்காலிகத் தடுப்புகள் போட்டனர். அவற்றுக்கெனக் கொச்சியிலிருந்து போர்ச்சுக்கீசியத் தச்சர்களை வருவித்தனர். சென்னைப் பயனியர் படைப்பிரிவுகளும் வந்து உழைத்தன. போட்ட தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி போட்டனர். மறுபடியும் போயிற்று. ஒரு பருவம் முழுதும் பாடுபட்டது ஓரிரவு மழையில் போய்விட்டால், காலையில் எழுந்து அந்தக் கரையில் நின்று பார்ப்பவனுக்கு எப்படி இருந்திருக்கும்? ஏரிக்கரை உடைந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது ஓரளவு புரியும்.

காய்ச்சலிலும் பிற நோய்களிலும் இறந்தோர் நானூற்றுக்கும் மேற்பட்டோர். அணைக்கு அருகே அவர்களுடைய கல்லறைகள் உள்ளன. பென்னிகுயிக்கோடு பணியாற்றிய மெக்கன்சி என்ற பொறியாளர் இப்பணியின் வரலாற்றை ஒரு நூலாக எழுதி 1899இல் வெளியிட்டார். அணையைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி அந்நூல் வழியே தெரிந்தது.

இங்கே என் பிழையொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாதி கட்டிய அணையை வெள்ளம் கொண்டு போனதும் அரசு இனிப் பணம் தர இயலாது என்று கைவிரித்தது. பென்னிகுயிக் இங்கிலாந்துக்குச் சென்று தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணத்தோடு வந்து அணையை முடித்தார். பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு சொல்லப்படும் கதை இது. இளம் ஆசிரியனாக இருந்த நான் இதை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்வேன். எனக்கு நாநலம் சிறிது உண்டு. கப்பலில் அவர் கண்ணீர் வடித்ததையும், அம்மையார் வளையல்களைக் கழற்றிக் கொடுத்ததையும் நானே சேர்த்துக்கொள்வேன். ஒருநாள் கடைசி வரிசையிலிருந்த மாணவனொருவன் எழுந்து, எவ்வளவுக்கு விற்றார் ஐயா என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததை மறைக்க அவனை அமரச் சொன்னேன்.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. பின்னர்க் கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தேன். அணைக்கான பணம் சென்னை அரசின் கருவூலத்திலிருந்து வந்தது. அவர் சொத்தை விற்றதற்கு அரசு ஆவணங்களில் சான்றில்லை என்பதே இதனை ஆராய்ந்தவர்களின் முடிவு. முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பெரிய மனிதர் ஒருவர் கண்முன்னே சிறுத்துப் போனாற்போல் தோன்றியது. மெல்ல மெல்லத்தான் வேறொன்று விளங்கியது. சொத்தை விற்பது ஒருநாள் செயல். காய்ச்சல் காட்டில், போட்டது போட்டபடி வெள்ளத்தில் போவதைக் கண்டும், இது முடியும் என்று மேலிடத்துக்கு எழுதி எழுதி, எட்டு ஆண்டு நிற்பது அப்படிப்பட்டதன்று. அந்த எட்டு ஆண்டுகளை விட்டுவிட்டு வளையலைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். அதன்பின் வகுப்பில் கதையைக் கதை என்றே சொல்லி, தடுப்பணைகள் போன வரலாற்றை விரித்துச் சொல்லலானேன். கேள்வி கேட்ட மாணவன் அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்தான்.

1895 அக்டோபர் 10 அன்று சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு நீரைத் திறந்துவைத்தார். மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆறு முதன்முறையாகக் கிழக்கே மலைச்சரிவில் இறங்கியது. வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு சேர்ந்து, வையையில் கலந்து, பேரணையில் கால்வாய்க்குள் திரும்பி மேலூர் வரை சென்றது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் இந்நீரால் விளைகின்றது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் பாசனத்துக்கும் குடிநீருக்கும் இதனை நம்பியுள்ளன. விடுதலைக்குப் பின் அடிவாரத்தில் மின்நிலையமும் அமைந்தது. அணையின் உறுதி பற்றியும் நீர்மட்டம் பற்றியும் இரு மாநிலங்களுக்கிடையே எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் 142 அடி வரை தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. அதன் வாதப் பிரதிவாதங்கள் இவ்விடத்துக்கு வேண்டா.

பென்னிகுயிக்கின் பின்னாளை விரைந்து சொல்லிவிடலாம். சென்னை மாகாணத் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். ஓய்வுபெற்றபின் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்தில் இருந்த இந்தியப் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராக 1896 முதல் 1899 வரை விளங்கினார். பெரியாற்றைத் திருப்பிய வகையைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரைக்குப் பொறியாளர் சங்கத்தார் டெல்போர்டு பதக்கம் அளித்தனர். 1899இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தார் தங்கள் ஆற்றின் வெள்ளத்தைத் தடுக்க வழி கேட்டு அவரை அழைத்தனர். வெள்ளத்தை அறிந்தவர் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் தம் இல்லத்தில் மறைந்தார். அருகிலுள்ள பிரிம்லி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

ஒரு நூற்றாண்டு கழித்து நம் அரசு லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பி 2013 ஜனவரி 15 அன்று திறந்தது. தேனிப் பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர் இடப்பட்டுள்ளது. 2022இல் கேம்பர்லியிலேயே அவருக்குச் சிலை வைக்கப்பெற்றது. இவையெல்லாம் வருவதற்கு முன்பிருந்தே பள்ளத்தாக்கின் பாலார்பட்டி மக்கள் அவர் பிறந்த நாளில் பொங்கலிட்டு வந்தனர். பிறந்த நாள் தைத்திருநாளை ஒட்டியே வந்தது உழவர்களுக்கு வாய்ப்பாகப் போயிற்று.

பணி ஓய்வுக்குப் பின் ஒரு தைத்திங்களில் பழைய நண்பர்களைக் காண ராயப்பன்பட்டி சென்றிருந்தேன். அவர்கள் என்னைப் பாலார்பட்டிக்கு அழைத்துச் சென்றனர். படத்துக்கு முன் பானைகள் பொங்கிக்கொண்டிருந்தன. இலை போட்டுப் பரிமாறிய மூதாட்டி ஒருவர், நான் வெளியூர்க்காரன் என்பதை என் பேச்சால் அறிந்து, இவர் வீடு வாசல் விற்று அணை கட்டிய கதையை எனக்குச் சொல்லத் தொடங்கினார். வளையல் கூட வந்தது. என் பழைய மாணவர் எவரேனும் அவருக்கு மகனோ பேரனோ என்று கூட நினைத்தேன். திருத்திச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

கதையை முடித்துவிட்டு, அப்படி எல்லாவற்றையும் விற்றவருக்குக் கடைசிக் காலத்தில் இருக்க ஒரு வீடாவது இருந்ததா, படித்தவராயிற்றே, உங்களுக்குத் தெரியுமா என்று அவர் என்னைக் கேட்டார். இருந்தது அம்மா, தம் வீட்டில்தான் உயிர் துறந்தார் என்றேன். பிள்ளைகள் உண்டா என்றார். ஐந்து பெண்கள், ஓர் ஆண். அந்த மகன் பின்னாளில் நீதிபதியானார் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இச்செய்தியை அடுத்த பந்தியிலிருந்த ஒருத்தியை அழைத்துச் சொன்னார். பிறகு வேண்டாம் என்று நான் கை மறித்தும் கேளாமல், என் இலையில் இன்னுமோர் அகப்பை பொங்கல் வைத்துவிட்டு நகர்ந்தார்.